சபையை விட்டு நீங்க விழைவோர்



ஐக்கிய நாடுகள் சபையிற் சேர்வதற்கு இலங்கை 1948 ஆம் ஆண்டில் விண்ணப்பித்தது. சோவியத் ஒன்றியம் தடை வாக்கிட்டமையால் அவ்விண்ணப்பம் அவ்வாண்டிலேயே தள்ளுண்டது. ஏழாண்டு வாயிலிற் காத்து நின்று, 1955 டிசெம்பர் 14 ஆந் திகதி, 16 நாடுகளுள் ஒன்றாக நாம் உட்புகுந்தோம். இச்செய்தியை உயர்வகுப்பிற் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, நாங்கள் வாசலிலே நின்ற காலத்தில், உள்ளே இருந்தவர்கள் யாராவது வெளியே போக விரும்பினார்களா?" என்று வினவினாள். விரும்பினார்கள், அதுவும் அச்சபை வீற்றிருக்கும் அமெரிக்காவிலேயே விரும்பினார்கள் என்று சொல்லி வாய் மூடுமுன் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாது விட்டதை இன்று சொல்ல முயல்கின்றேன்.

இவ்விருப்பம் அமெரிக்க மக்களிடையே ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னரே தோன்றியது. முதலாம் உலகப் போர் முடிந்தபின் சர்வதேச சங்கத்தை அமைக்க மற்றெவரினும் மிகுதியாக உழைத்தவர் அமெரிக்க ஜனாதிபதி வில்சன். அச்சங்கத்தின் சாசனத்தில் பத்தாம் உறுப்புரை என ஒன்று உண்டு. அங்கத்துவ நாடொன்றின் எல்லையையும் சுதந்திரத்தையும் அயலார் தாக்கினால், ஏனைய அங்கத்தவர் அவற்றைக் காத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். வில்சன் அதனைச் சங்கத்தின் இதயமெனக் கருதினார். அமெரிக்காவில் எழுந்த எதிர்ப்பெல்லாம் அவ்விதயத்தையே குறிவைத்தது.

எதிர்த்தவர் யாவரும் ஒரே காரணம் பற்றி எதிர்த்தாரல்லர். ஐடகோ மாநிலத்துச் செனற்றர் போரா போன்ற ஒரு சிலர், எந்த வடிவிலும் சங்கம் வேண்டாம் என்றனர். அயர்லாந்திலிருந்து குடியேறியோரின் கோபம் வேறு. உள்ள எல்லைகளைக் காப்பதென்றால், அயர்லாந்தின்மீது பிரித்தானியா செலுத்தும் ஆட்சியையும் காப்பதன்றோ என்று அவர்கள் கேட்டனர். பிரித்தானியப் பேரரசுக்கு ஆறு வாக்கு, நமக்கு ஒன்றுதானா என்னும் குறையும் எழுந்தது. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசீலாந்து, தென்னாபிரிக்கா, இந்தியா என்பன அவ்வாறு. இலண்டனிலிருந்து ஆளப்பட்ட இந்தியாவுக்குத் தனியாசனம் ஒன்று கிடைத்திருந்தமை நமக்கு இன்று நகைப்பைத் தரினும், அன்று அமெரிக்கரின் ஐயத்துக்கு அது நல்ல சான்றாயிற்று.

செனற் சபையில் வெளிநாட்டு உறவுகள் குழுவின் தலைவராயிருந்தவர் லொட்ஜ். அவர் உடன்படிக்கை முழுவதையும் ஏறத்தாழ வெறுமையான அறையில் இரு வாரமளவு உரக்க வாசித்துக் காலத்தைக் கடத்தினார் என்பது வரலாறு. ஆயினும் அவரை வெறுங் குழப்பக்காரர் என்று தள்ளிவிடலாகாது. அவர் முன்வைத்த 14 நிபந்தனைகளுள் முதன்மையானது, அமெரிக்கப் பாராளுமன்றமாகிய கொங்கிரஸ் தனித்தனியே இசைந்தாலன்றிப் பத்தாம் உறுப்புரையின் பேரிற் படையனுப்பும் கடமை நமக்கில்லை என்பதாகும். ஒருவனுடைய மகனைப் போருக்கு அனுப்பும் உரிமை யாருக்குண்டு என்ற வினா அதனுள் இருந்தது. அது அற்ப வினாவன்று.

வில்சன் விட்டுக்கொடுக்கவில்லை. 1919 செப்ரெம்பரிற் புகைவண்டியேறி, 22 நாளில் 8,000 மைலுக்கு மேற் பயணஞ்செய்து மக்களிடம் நேரே முறையிட்டார். கொலறாடோ மாநிலத்துப் புவெப்லோ நகரிற் பேசியபின் உடல் தளர்ந்தது. ஒக்டோபர் தொடக்கத்திற் பாரிசவாதம் அவரைப் படுக்கையிற் கிடத்தியது. படுக்கையிலிருந்தபடியே, லொட்ஜின் நிபந்தனைகளோடு கூடிய உடன்படிக்கையை எதிர்க்குமாறு தம் கட்சியாருக்குச் சொல்லியனுப்பினார். 1920 மார்ச் 19 ஆந் திகதி இறுதி வாக்கெடுப்பில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. மூன்றில் இரு பங்குக்கு ஏழு வாக்குக் குறைவு. சங்கத்தை ஈன்றவரின் நாடு சங்கத்துக்கு வெளியே நின்றது. லொட்ஜின் நிபந்தனையை ஏற்றிருந்தால் அமெரிக்கா உள்ளே இருந்திருக்கும். வில்சனின் பிடிவாதமே தம் பிள்ளைக்குப் பகையாயிற்று என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு ஏப்ரலிற் பறவைகளைப் பற்றிய வழக்கொன்று உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. பருவந்தோறும் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பறந்து திரியும் பறவைகளைக் காக்க 1916 இல் பிரித்தானியாவுடன் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டிருந்தது. வேட்டையைக் கட்டுப்படுத்துவது மாநிலங்களின் உரிமையென மிசூரி மாநிலம் வழக்காடித் தோற்றது. உடன்படிக்கை ஒன்று இருந்தால், அஃதில்லாதவிடத்து மத்திய அரசுக்கு இல்லாத அதிகாரமும் வந்துவிடலாம் என்பது தீர்ப்பின் பொருள். வாத்துக்களுக்கும் நாரைகளுக்கும் நன்மைதான். ஆனால் சட்டமறிந்தோர் சிலரின் உள்ளத்தில் ஒரு முள் தைத்தது.

1945 யூலையில் ஐக்கிய நாடுகள் சாசனத்தைச் செனற் சபை 89 க்கு 2 என ஏற்றபோது பழைய ஐயம் முற்றாக ஒழிந்ததுபோலத் தோன்றியது. ஐந்தாண்டு செல்லுமுன் கொரியப் போர் மூண்டது. கொங்கிரஸ் போர்ப் பிரகடனஞ் செய்யாமலே, பாதுகாப்புச் சபையின் தீர்மானங்களைச் சுட்டி ஜனாதிபதி ட்றூமன் படையை ஈடுபடுத்தினார். மாண்ட அமெரிக்கர் 36,000 அளவினர். லொட்ஜ் உயிரோடிருந்திருந்தால், நான் சொல்லவில்லையா என்று கேட்டிருப்பார்.

இதுவரை கேட்ட நேயர்கள், விலக விரும்பியோர் பக்கமே நியாயம் என எண்ணக்கூடும். கதையின் மறுபக்கமும் உண்டு. 1947 இல், கறுப்பு மக்கள் படும் இன்னல்களை விரித்து, அறிஞர் டு போய்ஸ் முன்னின்று தொகுத்த மனுவொன்று ஐக்கிய நாடுகள் சபைக்கு அளிக்கப்பட்டது. சபை அதனை விசாரணைக்கு எடுக்கவில்லை. கலிபோர்னியாவில் ஜப்பானியர் நிலம் வைத்திருப்பதைத் தடுத்த சட்டத்தை எதிர்த்து சேய் பூஜி என்பவர் வழக்காடினார். 1950 இல் மேன்முறையீட்டு மன்றம் ஒன்று, அச்சட்டம் ஐக்கிய நாடுகள் சாசனத்துக்கு முரணாகும் என்றது. இரண்டாண்டின் பின் மாநில உயர் மன்றம் அக்காரணத்தைத் தள்ளி, அமெரிக்க அரசியலமைப்பையே காரணங்காட்டி அச்சட்டத்தை வீழ்த்தியது. ஆயினும் அபாய மணி அடித்தாயிற்று. உலக சபையின் எழுத்தொன்று நம் ஊர்ச் சட்டத்தைக் கவிழ்க்குமா என்று தென் மாநிலத்தார் பலர் அஞ்சினர். நிறவேற்றுமையைச் சட்டமாக வைத்திருந்தோர்க்கு அவ்வச்சம் இயல்பே.

ஒகையோ மாநிலத்துச் செனற்றர் பிறிக்கர், உடன்படிக்கைகளின் வலுவைக் குறைக்க அரசியலமைப்பைத் திருத்த முனைந்தார். ஜனாதிபதி ஐசனோவர் எதிர்த்தார். 1954 பெப்ரவரியில், திருத்தத்தின் மாற்றிய வடிவம் 60 க்கு 31 என ஒரே வாக்காற் தோற்றது. பறவை வழக்கில் தைத்த முள் ஒரு வாக்கிடைவெளியில் அரசியலமைப்பாகாது நின்றது. இறைமையைக் காக்க எண்ணிய உண்மையானவரும், அயலவன் சமமாவதைத் தடுக்க எண்ணியவரும் அவ்வறுபதிற் கலந்திருந்தனர். யார் எவர் என்று பிரித்தறிவது எளிதன்று.

சபையை விட்டே வெளியேறுவோம் என்ற முழக்கம் 1958 இல் தோன்றிய ஜோன் பேர்ச் சங்கத்தால் வீதியோரப் பலகைகளில் ஏறிற்று. உட்டா மாநிலத்து லா வெர்க்கின் என்னும் சிற்றூர் 2001 இல் தன்னை ஐக்கிய நாடுகள் அற்ற பகுதியென்று விதித்துக்கொண்டது. பணமும் ஒரு காரணம். 1946 இல் சபையின் செலவில் ஏறத்தாழ 40 வீதம் அமெரிக்கா மேற்கொண்டது. 2000 ஆம் ஆண்டின் இறுதியிற் செய்த இணக்கத்தால் அது 22 வீதமாயிற்று. பொதுச்சபையிலோ 193 இல் ஒரு வாக்கு. நம்மூர்ப் பங்குக் கிணற்றிலே, தூரெடுக்கக் கூடுதலாகக் கொடுத்தவன் இறைப்பு முறை மட்டும் மற்றவனுக்குச் சமமா என்று கேட்பதைப் போன்றது இது. ஆனால் பாதுகாப்புச் சபையின் தடை வாக்கு அவன் கையிலேயே இருப்பதை அவன் சொல்வதில்லை.

முழுச் சபையையும் நீங்காது, அதன் கிளைகளை நீங்குவது வழக்கமாயிற்று. சர்வதேசத் தொழில் தாபனத்தை 1977 இல் நீங்கி 1980 இல் மீண்டனர். யுனெஸ்கோவை 1984 இன் இறுதியில் நீங்கி 2003 இற் சேர்ந்து, 2018 இன் இறுதியில் நீங்கி 2023 இற் சேர்ந்தனர். 2025 யூலையில் மீண்டும் விலகல் அறிவித்தனர். உலக சுகாதார தாபனத்தினின்றும் விலகும் ஆணை 2025 ஜனவரியிற் பிறந்தது.

இனப்படுகொலையைத் தடுக்கும் உடன்படிக்கையை ட்றூமன் 1949 இற் செனற் சபைக்கு அனுப்பியிருந்தார். அது அங்கே தூசு படிந்து கிடந்தது. விஸ்கொன்சின் மாநிலத்துச் செனற்றர் புறொக்ஸ்மயர் 1967 முதல், சபை கூடும் நாளெல்லாம் எழுந்து அதனைப் பற்றிப் பேசினார். 3,211 முறை பேசினார். 1986 பெப்ரவரி 19 ஆந் திகதி 83 க்கு 11 என அது நிறைவேறிற்று. அவ்வங்கீகாரத்தோடு சில நிபந்தனைகளும் சேர்க்கப்பட்டன: அமெரிக்க அரசியலமைப்புக்கு மாறான எதனையும் இது கோராது, அமெரிக்காவின் இசைவின்றி அதனைச் சர்வதேச நீதிமன்றத்தின் முன் நிறுத்தலாகாது. லொட்ஜ் இறந்து 61 ஆண்டு ஆகியிருந்தது.