மனைவியின் நகையும் மனமுவந்த சம்மதமும்

வியாபாரத்தில் நெருக்கடி ஏற்பட்டால், நம் வீடுகளில் முதலில் திறக்கப்படுவது மனைவியின் நகைப்பெட்டிதான். தாய்வீட்டு நகையும் மஹராகப் பெற்ற நகையும் அடகுக்குச் செல்கின்றன. "அவளிடம் கேட்டீர்களா?" என்றால், "அவள் ஒன்றும் சொல்லவில்லை" என்பதே பல கணவர்களின் பதில். ஒன்றும் சொல்லாதிருப்பது சம்மதமாகுமா? இஸ்லாமிய வரலாற்றின் முதல் நூற்றாண்டிலேயே இதையொத்த கேள்வி ஒரு காழியின் முன் வந்திருக்கிறது.

மஹரை மனைவியரிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அதில் ஒரு பகுதியை அவர்களே மனமுவந்து விட்டுக்கொடுத்தால், கணவன் அதை அனுபவிக்கலாம் என்றும் அனுமதிக்கிறது. இங்கே வாயளவிலான இசைவு போதாது. உள்ளம் உவந்திருக்க வேண்டும்.

உமர் (ரழி) அவர்களால் கூஃபாவின் காழியாக நியமிக்கப்பெற்றவர் ஷுரைஹ் (ரஹ்). கணவனுக்குத் தான் கொடுத்ததைத் திரும்பக் கேட்டு ஒரு பெண் அவரிடம் வழக்குரைத்ததாகத் தஃப்ஸீர் நூல்களில் அறிவிக்கப்பட்டுள்ளது. திருப்பிக் கொடுக்குமாறு காழி தீர்ப்பளித்தார். கணவனோ மேற்கண்ட வசனத்தையே தனக்குச் சான்றாகக் காட்டினான். அவள் உண்மையிலேயே மனமுவந்து கொடுத்திருந்தால், அதைக் கேட்டு இங்கே வந்திருக்கமாட்டாளே என்ற கருத்தில் காழி பதிலளித்தார்.

அன்பளிப்பைத் திரும்பப் பெறலாமா என்பதில் பிற்கால இமாம்கள் கருத்து வேறுபட்டனர். ஆயினும், மனைவியின் உடைமையை அவளது அனுமதியின்றி அடகு வைக்கும் உரிமை கணவனுக்கு இல்லை என்பது தெளிவு.

பிறர் பொருளை இரவலாகப் பெற்று அடகு வைப்பதைப் பற்றி ஃபிக்ஹ் நூல்கள் தனியே பேசுகின்றன. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நம் மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படும் ஷாஃபிஈ மத்ஹப் நூல். கடன் எவ்வகையானது, எவ்வளவு, யாரிடம் அடகு வைக்கப்படுகிறது என்பவற்றைப் பொருளின் உரிமையாளரிடம் கூற வேண்டும் என்று அது விதிக்கிறது. ஆகவே, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு என்று சொல்லி நகையை வாங்கிச் சென்று, இரண்டு இலட்சத்திற்கு அடகு வைப்பவன், மனைவி தந்த அனுமதியை மீறியவனாகிறான்.

கணவன் தனக்கே சொந்தமான வீட்டை அடகு வைப்பதற்கு மனைவியின் அனுமதி மார்க்க நிபந்தனையன்று. எனினும் அவளுக்கு உறைவிடம் அளிப்பது அவன் கடமை. கொடுபடாத மஹர் அவன் மீதுள்ள கடன். வீடு கைநழுவினால் இவ்விரண்டையும் அவன் எப்படி நிறைவேற்றுவான்? எனவே அவளிடம் கலந்தாலோசிப்பதே நேர்மை. ஒன்றையும் மறந்துவிடலாகாது: வட்டிக்கு அடகு வைப்பது, மனைவி சம்மதித்தாலும் ஹராமே.

சகோதரர்களே! அடுத்த முறை நகைப்பெட்டியின் சாவியைக் கேட்கும் முன், தொகையையும் தவணையையும் மீட்கும் வழியையும் மனைவியிடம் விளக்குங்கள். "வேண்டாம்" என்று அவள் சொன்னால், முகம் கோணாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். மறுக்க முடியாத இடத்தில் பெறப்படும் சம்மதம் மனமுவந்த சம்மதமாகாது.

பிறர் உரிமையைப் பேணி வாழும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.