பிள்ளையின் முதல் ஷொட்கன்: வாங்குவதற்கு முன் பெற்றோர் அறிய வேண்டியவை

துவக்கு என்ற சொல் எமது வீடுகளில் விளையாட்டை நினைவூட்டுவதில்லை. போரை நினைவூட்டும். மிஞ்சினால், தோட்டத்துக்குள் இறங்கும் காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருந்த வேட்டைத் துவக்கை நினைவூட்டும். ஆனால் இங்கிலாந்தில் அது சட்டத்தின் கண்காணிப்பில் நடக்கும் ஒரு பழைய விளையாட்டும் கூட. பொறியிலிருந்து வீசப்படும் சுமார் 11 சென்ரிமீற்றர் அகலமான ‘களிமண் புறா’ எனும் தட்டை வானில் வைத்தே உடைக்க வேண்டும். கழகங்களிலும் சில பாடசாலைகளிலும் பிள்ளைகள் இதைப் பழகுகின்றனர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் ட்ராப் போட்டியில் பிரித்தானியாவின் நேதன் ஹேல்ஸ் தங்கம் வென்றார். அதே போட்டியில் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் இந்தியாவுக்காகக் களமிறங்கினார்.

இங்கிலாந்தில் வாழும் தமிழ்ப் பெற்றோரிடமும் ஒருநாள் பிள்ளை ஒரு ஷொட்கன் கேட்கலாம். அப்போது பலரும் எண்ணுவது, ‘சின்னப் பிள்ளைக்குச் சின்னத் துவக்கு’ என்பதையே. பிள்ளை இந்த விளையாட்டையே வெறுத்து விலகுவதற்கு அந்த எண்ணமே காரணமாகிவிடக்கூடும்.

சட்டம் சொல்வது

இங்கிலாந்தில் ஷொட்கன் வைத்திருக்க பொலிஸார் வழங்கும் சான்றிதழ் தேவை. அது 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். விண்ணப்பிப்பவரின் உடல், மன நலம் பற்றிய மருத்துவத் தகவலும் கோரப்படும். துவக்கைப் பிறர் கைக்கு எட்டாதபடி பூட்டி வைக்க வேண்டும்.

சான்றிதழ் பெறக் குறைந்தபட்ச வயது இல்லை. ஆனால் 18 வயதுக்கு உட்பட்டவர் துவக்கையோ தோட்டாவையோ விலைக்கு வாங்க முடியாது. 15 வயதுக்கு உட்பட்டவருக்கு ஷொட்கனைப் பரிசாகவும் கொடுக்க முடியாது. 21 வயது நிறைந்த ஒருவரின் மேற்பார்வையிலேயே அவர் அதைக் கையாளலாம். எனவே ‘பிள்ளையின் துவக்கு’ என்பது நடைமுறையில் பெற்றோர் தமது சான்றிதழில் வாங்கி, தமது பொறுப்பில் பூட்டி வைக்கும் துவக்கே.

பாரம் குறைந்தால் உதை கூடும்

துவக்கு பின்னோக்கித் தோளில் இடிப்பதை உதைப்பு என்கிறோம். அதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று தோட்டாவுக்குள் உள்ள சன்னங்களின் நிறையும் அவை பாயும் வேகமும். மற்றையது துவக்கின் நிறை. ஒரே தோட்டாவை 3.6 கிலோ கிராம் துவக்கில் சுடுவதோடு ஒப்பிட்டால், 2.7 கிலோ கிராம் துவக்கில் உதைப்பின் சக்தி மூன்றில் ஒரு பங்கு அதிகமாகும். தூக்க இலகுவானது என்று வாங்கிய துவக்குத்தான் பிள்ளையின் தோளைக் கன்றிப்போகச் செய்கிறது.

நாலைந்து முறை வலித்தால், விசையை அழுத்தும் முன்னரே பிள்ளை கண்ணை மூடும். தோளைப் பின்னுக்கு இழுக்கும். ஒருமுறை பழகிவிட்ட இந்த அச்சத்தைப் போக்குவது கடினம். எனவே முதலில் குறைக்க வேண்டியது தோட்டாவின் பாரத்தை. வழமையான 28 கிராமுக்குப் பதிலாக, அதே வேகத்தில் பாயும் 21 கிராம் தோட்டாவைப் பயன்படுத்தினால் உதைப்பின் சக்தி ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறையும்.

எந்தப் போர?

எமது செய்திகளில் ‘போர 12’ என்று வருவது குழாயின் அளவு. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அவற்றில் ஒன்றின் விட்டமே போர 12 குழாயின் விட்டம். அது சுமார் 18.5 மில்லிமீற்றர். இலக்கம் கூடக் கூடக் குழாய் சிறுக்கும். போர 20 சுமார் 15.6 மில்லிமீற்றர். .410 மட்டும் விதிவிலக்கு. அது அங்குலத்தில் சொல்லப்படும் விட்டம்.

.410 சிறியது, உதைப்பும் குறைவு. ஆனால் அதன் வழமையான தோட்டாவில் 14 கிராம் சன்னங்களே இருக்கும். 28 கிராம் தோட்டாவின் சன்னத் திரளில் அது பாதி. தட்டில் படுவது கடினமாகும், பிள்ளை சோர்ந்துபோகும். மிகச் சிறிய பிள்ளை பாதுகாப்புப் பழக்கங்களைக் கற்க அது போதும். தட்டு உடைவதைப் பார்த்து மகிழ வேண்டுமானால், பெரும்பாலான பிள்ளைகளுக்கு இலேசான தோட்டாவுடன் போர 20 பொருந்தும். வளர்ந்த பதின்ம வயதினர் போர 12 துவக்கையே 21 கிராம் தோட்டாவுடன் தொடங்கலாம்.

உடலுக்கு அளவு

விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையான நீளம் வளர்ந்தோர் துவக்குகளில் பொதுவாக 36 முதல் 37 சென்ரிமீற்றர். பிள்ளைக்கு அது நீளம். கட்டை அக்குளில் சிக்கும். பிள்ளை பாரத்தைச் சமாளிக்கப் பின்னுக்குச் சாயும். துவக்கைத் தோளில் வைத்ததும் பிள்ளை பின்னால் சாய்ந்தால், அந்தத் துவக்கு அதற்குரியதல்ல. நல்ல துப்பாக்கித் திருத்துநரிடம் கட்டையை வெட்டிக் குறுக்கலாம். வெட்டிய துண்டைப் பத்திரமாக வைத்தால், பிள்ளை வளர்ந்தபின் மீண்டும் பொருத்தலாம்.

கண்ணையும் சோதிக்க வேண்டும். இரு கண்களையும் திறந்தபடி தூரத்துப் பொருளொன்றை விரலால் சுட்டச் சொல்லுங்கள். பின் இடக்கண்ணை மூடச் சொல்லுங்கள். விரல் பொருளிலேயே நின்றால் வலக்கண்ணே முதன்மையானது, விலகினால் இடக்கண். வலக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இடக்கண் முதன்மையானால், வாங்குவதற்கு முன் பயிற்றுநரிடம் கேட்பது அவசியம்.

எந்த வகை?

ஒரு குழாயின் மேல் மற்றொரு குழாய் அமைந்த, நடுவில் முறித்துத் திறக்கும் துவக்கே தொடக்கத்துக்கு ஏற்றது. திறந்திருந்தால், உள்ளே தோட்டா இல்லை என்பதைப் பக்கத்தில் நிற்பவரும் பார்த்தவுடன் அறியலாம். வாயு அழுத்தத்தில் இயங்கும் தானியங்கி வகையில் உதைப்பு மென்மையாக இருக்கும். ஆனால் அது வெறுமையானதா என்பதைத் தூரத்திலிருந்து அறிவது கடினம்.

பிள்ளை விரைவில் வளர்ந்துவிடும் என்பதால் பாவித்த துவக்கு வாங்குவதில் தவறில்லை. குழாயில் இலண்டன் அல்லது பர்மிங்காம் பரிசோதனைக் கூடத்தின் முத்திரை உண்டா என்று பார்க்க வேண்டும்.

மஞ்சள் தோட்டா

போர 20 தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது அழகுக்காக அல்ல. அத்தோட்டா தவறுதலாகப் போர 12 குழாய்க்குள் போடப்பட்டால், உள்ளே வழுக்கிச் சென்று பார்வைக்குத் தெரியாமல் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் போர 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழாய் வெடிக்கும். கையும் கண்ணும் போகும். தந்தை போர 12உம் பிள்ளை போர 20உம் பயன்படுத்தும் குடும்பத்தில் இரண்டு வகைத் தோட்டாவும் ஒரே பைக்குள் இருக்கவே கூடாது. கண்ணாடியும் காதுக் கவசமும் முதல் நாளிலிருந்தே கட்டாயம்.

அவசரப்பட்டு வாங்கத் தேவையில்லை. பொலிஸ் ஒப்புதல் பெற்ற களிமண் புறாத் திடல்களில், ஒப்புதல் பெற்ற நேரங்களில், சான்றிதழ் இல்லாதவரும் அங்குள்ள துவக்கால் சுடலாம். சில மாதங்கள் அப்படிப் பழகட்டும். எந்தத் துவக்கைத் தோளில் வைத்தபின் பிள்ளை கண்ணை மூடாமல் தட்டையே பார்க்கிறதோ, அதுவே வாங்க வேண்டிய அளவு.