சுகர், பி.பி இருக்கா? வாக்கிங் ஷூவுக்கு முன்னாடி மாத்திரைச் சீட்டை எடுங்க! - புதுச்சேரி சொல்லும் 8 வாரப் பாடம்

காலை ஐந்தரை மணி, புதுச்சேரி பீச் ரோடு. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை இங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அதனால், காந்தி சிலையைச் சுற்றி ரோடு முழுக்க நடப்பவர்கள்தான். யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 'டாக்டர் நடக்கச் சொல்லிட்டார்' என்ற பதில் அடிக்கடி வரும்.

டாக்டர் சொல்லிவிட்டார், சரி. எப்படி ஆரம்பிப்பது, எவ்வளவு நடப்பது, வெறும் வயிற்றில் போகலாமா, மாத்திரையைப் போட்டுவிட்டுப் போவதா, வந்து போடுவதா? இதையெல்லாம் கேட்காமலே கிளம்புகிறவர்கள்தான் அதிகம். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து, மூன்றாம் நாள் கால் வலியோடு படுத்து, 'நமக்கு இதெல்லாம் செட் ஆகாது' என்று விட்டுவிடுவதும் இப்படித்தான்.

நோயோடு வாழ்கிறவர்களும் உடற்பயிற்சி செய்யலாமா? செய்யலாம். செய்யவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட உடலுழைப்பு வழிகாட்டுதலில், நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கென்றே தனிப் பரிந்துரைகள் இருக்கின்றன. எப்படி ஆரம்பிப்பது என்பதை மட்டும் உங்கள் நோயும் மருந்தும் முடிவு செய்யட்டும்.

புதுச்சேரிக்கு ஏன் இந்தக் கவலை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிதியுதவியோடு சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்த 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. நாடு முழுக்க 20 வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரிடம் எடுக்கப்பட்ட கணக்கு அது. இந்தியாவின் சராசரி நீரிழிவு விகிதம் 11.4 சதவீதம். புதுச்சேரியில் 26.3 சதவீதம். அதாவது நான்கில் ஒருவர்! கோவாவுக்கு (26.4) அடுத்து இரண்டாவது இடம். உடல் பருமனிலும் (53.3 சதவீதம்) தொப்பையிலும் (61.2 சதவீதம்) புதுச்சேரிதான் முதலிடம்.

'அதெல்லாம் அப்பா, அம்மா வயசுக்காரங்க பிரச்னை' என்று தோன்றுகிறதா? அரசின் தொற்றா நோய்ப் பரிசோதனைத் திட்டம் 30 வயதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. 25 வயதில் பி.பி ஏறியிருந்தால் யாரும் வீடு தேடி வந்து சொல்லப்போவதில்லை. நாமே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

குருசுக்குப்பத்தில் நடந்த 8 வாரங்கள்

இளைஞர்களுக்கு இதில் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம்ம ஊரிலேயே ஓர் ஆதாரம் இருக்கிறது. புதுச்சேரி குருசுக்குப்பத்தில், பி.பி இருந்த அல்லது பி.பி-யின் விளிம்பில் இருந்த 20 முதல் 25 வயது வரையிலான 113 இளைஞர்களை வைத்து ஜிப்மர் சமூக மருத்துவத் துறையினர் ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவுகள் 2009-ல் வெளியாயின.

இளைஞர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரத்துக்கு 3, 4 நாள்கள், 50 முதல் 60 நிமிடம் விறுவிறுப்பாக நடந்தது. இன்னொரு குழு சாப்பாட்டில் உப்பைப் பாதியாகக் குறைத்தது. மூன்றாவது குழு வாரத்துக்குக் குறைந்தது 5 நாள்கள், 30 முதல் 45 நிமிடம் யோகா செய்தது. நான்காவது குழு வழக்கம்போல இருந்தது. மொத்தம் 8 வாரங்கள். 102 பேர் கடைசி வரை இருந்தார்கள்.

நடந்தவர்களுக்கு மேல் அளவு பி.பி சராசரியாக 5.3, கீழ் அளவு 6 புள்ளிகள் இறங்கின. உப்பைக் குறைத்தவர்களுக்கு 2.6, 3.7. யோகா செய்தவர்களுக்கு 2, 2.6. சும்மா இருந்தவர்களுக்குச் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

'வெறும் அஞ்சு புள்ளிதானா?' என்று கேட்காதீர்கள். மருந்தால் மேல் அளவு 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் சுமார் 10 சதவீதம் குறைவதாக 2021-ல் 'லான்செட்' இதழில் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. குருசுக்குப்பத்து இளைஞர்கள் அந்த அளவு இறக்கத்தை நடந்தே பெற்றிருக்கிறார்கள். ஜிம் சந்தா இல்லை, புரோட்டீன் பவுடர் இல்லை.

ஆனால் ஒன்று, இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

கிளம்பும் முன் 5 கேள்விகள்

1. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? சீட்டை எடுத்துப் பாருங்கள். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை இருக்கிறதா? இவை சர்க்கரையை அதிகமாகவே இறக்கிவிடக் கூடியவை. அதோடு வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் 'லோ சுகர்' ஆகி மயங்கி விழ வாய்ப்பு உண்டு. நடைக்கு முன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ, நான்கைந்து பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இன்சுலினைத் தொடையில் போட்டுக்கொண்டு உடனே நடந்தால் அது வேகமாக ரத்தத்தில் கலக்கும். நடக்கும் நாளில் எங்கே, எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. இன்னிக்கு அளவு எவ்வளவு? ஓய்வாக இருக்கும்போதே பி.பி 180/110-ஐத் தாண்டியிருந்தால் இன்று நடை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை 250-க்கு மேல் இருந்து வாந்தி, வயிற்றுவலி, அதிக சோர்வு இருந்தாலும் அப்படித்தான்.

3. நெஞ்சு என்ன சொல்லுது? நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். 'கேஸ் பிராப்ளமா இருக்கும்' என்று சோடா தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதயப் பிரச்னை ஏற்கெனவே இருந்தால், டாக்டர் சம்மதித்த பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

4. கால் எப்படி இருக்கு? வருடக்கணக்கில் சுகர் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முள் குத்தினாலும் தெரியாது. மணலில் வெறுங்காலோடு நடப்பது ரம்மியம்தான், ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். பருத்தி சாக்ஸும் இறுக்காத ஷூவும் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். கொப்புளமோ புண்ணோ இருந்தால் ஆறும்வரை உட்கார்ந்து செய்யும் பயிற்சிகள் போதும்.

5. கண் பரிசோதனை ஆச்சா? சுகரால் விழித்திரை அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான எடை தூக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். ஜிம்மில் சேரும் முன் கண் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ ஒரு பொட்டலம் இருக்கட்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, கண் இருட்டுதல் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். 15 நிமிடம் கழித்துச் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள்.

8 வாரத் திட்டம்

முதல் 2 வாரம்: இரவுச் சாப்பாடு முடிந்ததும் 10 நிமிடம் நடை. தெருவோ மொட்டை மாடியோ போதும். நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வில் (2016), டைப் 2 நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது, ஒரே மூச்சில் 30 நிமிடம் நடந்ததைவிட, சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. பலன் அதிகம் தெரிந்தது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

3, 4-ம் வாரம்: காலை அல்லது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு 10 நிமிடம்.

5, 6-ம் வாரம்: வாரத்தில் 4, 5 நாள்கள், 30 நிமிடம். கூடவே வாரத்துக்கு இரண்டு நாள் தசைப் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை. மூச்சை அடக்காமல் செய்யுங்கள்.

7, 8-ம் வாரம்: முடிந்தவர்கள் குருசுக்குப்பம் கணக்குக்கு வரலாம். 3, 4 நாள்கள், 50 நிமிடம். முடியாவிட்டால் 30 நிமிடம், 5 நாள். வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கு அதிலேயே வந்துவிடும்.

சுகர் உள்ளவர்கள் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து இடைவெளி விடாதீர்கள். உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் ஒன்றிரண்டு நாள்களில் தேய்ந்துவிடும்.

வேகம் எவ்வளவு? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத்துடிப்பு வழக்கம்போல ஏறாது. ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணைத் துரத்தி வேகத்தைக் கூட்டாதீர்கள்.

தட்டில் என்ன மாற்றம்?

இட்லியையும் மீன் குழம்பையும் விட்டுவிட்டு ஓட்ஸுக்கு மாற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அளவையும் வரிசையையும் மாற்றினால் போதும்.

தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். முதலில் காயும் பருப்பும், கடைசியில் சோறு என்று சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். காலையில் ஐந்து இட்லி, ஒரு கரண்டி சாம்பார் என்பதை இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றிப் பாருங்கள்.

உப்பு ஒரு நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்ஸர் என்று வேறு வழியில் உள்ளே விடக் கூடாது. கடையில் கிடைக்கும் 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், சில வகை பி.பி மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் வாங்க வேண்டாம். சிறுநீரகப் பிரச்னை இருந்தால் இளநீருக்கும் புரோட்டீன் பவுடருக்கும் இதே எச்சரிக்கைதான்.

சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன்? ரத்தத்தைப் பொறுத்தவரை எல்லாம் சர்க்கரைதான். கேழ்வரகுக் கஞ்சியும் மாவுச்சத்துதான், மடமடவென்று குடித்தால் சுகர் ஏறும். மாலை நேர பேக்கரி பன், பிரெட், கிரீம் பிஸ்கட் எல்லாம் மைதா. அந்த இடத்தில் ஒரு கைப்பிடி வறுகடலையோ, ஒரு கொய்யாவோ இருக்கட்டும்.

புதுச்சேரி என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். இன்சுலினோ மேலே சொன்ன மாத்திரைகளோ எடுப்பவர் வெறும் வயிற்றில் மது குடித்தால், பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில்கூட சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். கூட இருப்பவர்கள் 'போதையில கிடக்கான்' என்று விட்டுவிடுவார்கள். இப்படி உயிரே போகலாம்.

முடியாத நாள்களும் வரும்

நோயோடு இருப்பவர்களுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. நேற்று அரை மணி நேரம் நடந்தவருக்கு இன்று படி ஏறவே முடியாமல் போகலாம். அது சோம்பேறித்தனம் இல்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் ஓய்வெடுங்கள். ஒரு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து இல்லாமல் பாதி அளவிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

துணையும் உதவும். சென்னையில் 'ஏசியாட் காலனி' குடியிருப்பில் நீரிழிவு விழிப்பு உணர்வுக்குப் பிறகு மக்களே பணம் போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14 சதவீதமாக இருந்த இடத்தில், சில ஆண்டுகளில் 58 சதவீதத்தைத் தாண்டினார்கள். நமக்குப் பூங்கா கட்டும் வேலை இல்லை. பாரதி பூங்காவும் பீச் ரோடும் இருக்கின்றன. கூட வர ஓர் ஆள்தான் வேண்டும். வீட்டில் சுகர் உள்ள அப்பாவையோ அம்மாவையோ கூப்பிட்டுப் பாருங்களேன்.

இன்று பி.பி, சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு மூன்றையும் போனில் குறித்துவையுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு ஓர் அலாரம். எட்டாவது வாரம் முடிந்ததும் அதே மூன்றையும் அளந்து, இரண்டு கணக்கையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மாத்திரையைப் பற்றி அப்போது பேசலாம்.