களரியும் மண்டபமும்

மட்டக்களப்பை அடுத்து, திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில் அமைந்தது வெருகல். கிழக்கிலங்கைக் கூத்தின் மரபுவழி அரங்கு வட்டக்களரியாகும். நடுவே அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும், சுற்றி ஆட்டக்காரர், அவர்க்கப்பால் நாற்புறமும் சபையோர். ஆட்டம் விடியும்வரை நீளும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் இக்கூத்தை மண்டபத்துக்குக் கொணர்ந்தார். கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) முதலியன இரவு முழுதும் நிகழ்ந்ததைக் குறுகிய நேரத்துள் அடக்கின. பாமரர் கலையென ஒதுக்கப்பட்டது கற்றோரிடையே மதிப்புப் பெற்றது. பாடசாலை மண்டபங்களிலும் இடம்பெற்றது. இப்பேறு சிறிதன்று.

எனினும் இழப்பும் உண்டு. அண்ணாவியார் மேடையோரத்துக்கு நகர்ந்தார். சபையோர் ஒரு பக்கத்தினராயினர். ஊரவர் தாமே எழுப்பிய களரியின் இடத்தை, பிறர் ஆட்சிக்குட்பட்ட மேடை பெற்றது. 2000களில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், கூத்தை அதன் சமூகத்தாரிடமே மீண்டும் நிலைநிறுத்த முனைந்தமை இதனாலேயே.

2006இல் போரினால் வெருகற் பிரதேச மக்கள் இடம்பெயர்ந்தனர். மீண்ட ஊர்களிற் பழைய பாடசாலை மண்டபமொன்றை இசைக்கும் கூத்துக்கும் உரியதாக்குவோர், ஒலிபெருக்கி வாங்குமுன் நாற்காலி வரிசைகளை அகற்றி, மத்தளத்தை நடுவே வைத்தல் வேண்டும். அரங்கின் அமைப்பு அதிகாரத்தின் அமைப்புமாகும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம்.