பழைய டிவி சொன்ன பேச்சைக் கேட்டது: ரெட்ரோ கேம் ஏன் திக்குது?

இன்னிக்கு எபிசோடு ஒரு சின்ன எரிச்சலோட வரலாறு.

போன்ல எமுலேட்டர் போட்டாச்சு. டிவியோட இணைச்சாச்சு. ப்ளூடூத் கன்ட்ரோலர் கையில இருக்கு. சூப்பர் மாரியோ ஓடுது, சவுண்டும் வருது. ஆனா மாரியோ ஓடும்போது பின்னாடி செங்கல்லும் மேகமும் சீரா நகரல. சில நொடிக்கு ஒரு தடவை ஒரு சின்ன உதறல். பஸ் நல்லா போயிட்டிருக்கும்போது டிரைவர் லேசா பிரேக்கைத் தொட்டு எடுக்கிற மாதிரி. ஒருமுறை கண்ணுல பட்டுட்டா, அதுக்கப்புறம் கேமை விட்டுட்டு அதையே பார்த்துட்டு இருப்போம்.

முதல்ல எல்லாருக்கும் வர்ற சந்தேகம், "போனுக்குப் பவர் பத்தலையோ?" கொஞ்சம் யோசிங்க. அந்தக் கேம் 1985-ல வந்தது. அது ஓடின நின்டெண்டோ பெட்டியோட பிராசஸர் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். இன்னிக்கு சாதாரண போன்கூட 2 கிகாஹெர்ட்ஸ். கடிகார வேகத்துல மட்டுமே ஆயிரம் மடங்கு. என் நண்பன் ஒருத்தன் இந்த உதறலுக்காகவே போனை மாத்தினான். புதுப் போன்லயும் அதே உதறல், இன்னும் கூர்மையான திரையில.

ஏன்னா இது பவர் பிரச்சினையே இல்ல. ரெண்டு கடிகாரத்துக்கு நடுவுல நடக்கிற சண்டை. அந்தச் சண்டையோட வேர் 1953-ல இருக்கு.

டிவிக்குச் சொந்தக் கடிகாரம் இல்லாத காலம்

பழைய குண்டு டிவி எப்படி வேலை செஞ்சது? உள்ளே ஒரு எலக்ட்ரான் கற்றை. அது திரையில இடமிருந்து வலமா ஒரு கோடு போடும், அப்புறம் கீழே அடுத்த கோடு. அடிவரைக்கும் போனதும் மறுபடி மேலே ஏறும். எப்போ அடுத்த கோட்டுக்குப் போகணும், எப்போ மேலே ஏறணும்னு முடிவு பண்ணினது டிவி இல்ல. உள்ளே வர்ற சிக்னல். அதுல 'இப்போ திரும்பு'ன்னு சொல்ற சின்னத் துடிப்புகள் இருக்கும். அதுதான் சின்க். டிவி அந்தத் துடிப்பைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி போகும். தாளம் போடறவர் கையைப் பார்த்து ஆடுற ஆட்டக்காரர் மாதிரி. தாளம் கொஞ்சம் வேகமானா ஆட்டமும் கொஞ்சம் வேகமாகும்.

இந்தத் தாராளம் கேம் கம்பெனிகளுக்கு ரொம்ப வசதியா இருந்தது. நின்டெண்டோ 1983-ல ஜப்பான்ல ஃபேமிகாமை வெளியிட்டது. அமெரிக்காவுக்குப் போனப்போ அதோட பேர் என்இஎஸ். அது நொடிக்குப் போடற படங்களோட எண்ணிக்கை 60 இல்ல, 60.0988. கேம் பாய் 59.7275. 1992-ல ஆர்கேடுக்கு வந்த மோர்டல் காம்பேட் 54.7. ஆளாளுக்கு ஒரு தாளம். யாருக்கும் எந்தப் பிரச்சினையும் இல்ல. கேம் பாய் திரை கேம் பாய்க்கு மட்டும்தான். ஆர்கேட் பெட்டியில அந்த கேமுக்குன்னே சரி பண்ணின மானிட்டர். வீட்டு டிவியோ வர்ற துடிப்பைக் கேட்டு நடக்கும்.

60.0988 எங்கேருந்து வந்தது?

இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி. அமெரிக்கா 1941-ல கறுப்பு வெள்ளை டிவிக்கு ஒரு தரம் வெச்சது. என்டிஎஸ்சி. 525 கோடுகள், நொடிக்கு 60 அரைப்படங்கள். ஏன் 60? அங்க கரண்ட் 60 ஹெர்ட்ஸ். ரெண்டும் ஒத்துப்போனா, கரண்டால திரையில வர்ற கறைப்பட்டை நகராது, கண்ணை உறுத்தாது.

அப்புறம் கலர் வந்தது. 1953 டிசம்பர்ல கலருக்கான தரத்தை அமெரிக்க அரசு ஏத்துக்கிட்டது. ஏற்கெனவே வீட்டுல இருக்கிற கறுப்பு வெள்ளை டிவியிலயும் அந்த ஒளிபரப்பு தெரியணும். கலருக்குன்னு தனியா ஒரு அலையைச் சேர்த்தா, அது ஒலி அலையோட மோதி திரையில புள்ளிப்புள்ளியா தெரியும். அதைத் தவிர்க்க, வேகத்தை ஆயிரத்துல ஒரு பங்கு குறைச்சாங்க. 60 ஆனது 59.94. கலர் அலை 3.579545 மெகாஹெர்ட்ஸ்ல உட்கார்ந்தது.

கலர் டிவி எல்லாத்துலயும் இந்த எண் இருந்ததால, அதுக்கான படிகக் கல் சல்லிசாக் கிடைச்சது. நின்டெண்டோ இன்ஜினியர்கள் அந்த எண்ணையே அடிப்படையா வெச்சு, அதோட ஆறு மடங்கை, அதாவது 21.477 மெகாஹெர்ட்ஸை, பெட்டியோட தலைமைக் கடிகாரமா வெச்சாங்க. டிவி தரம் ஒரு அரைப்படத்துக்கு 262.5 கோடு கேட்கும். இவங்க அந்த அரைக் கோட்டை விட்டுட்டு 262 கோட்டோட நிறுத்தினாங்க. கோட்டோட நீளமும் ஒரு மயிரிழை குறைவு. இதையெல்லாம் வகுத்துப் பார்த்தா கிடைக்கிற விடைதான் 60.0988. கலர் ஒளிபரப்புக்காக எடுத்த முடிவோட நிழல், முப்பது வருஷம் கழிச்சு மாரியோ மேல விழுது.

நம்ம பக்கம் கதை வேற. இந்தியாவுல கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 1982-ல கலர் டிவி வந்தப்போ நாம எடுத்தது பால் தரம். குடிக்கிற பால் இல்ல, ஐரோப்பாவுல பிறந்த டிவி தரம். 625 கோடு, நொடிக்கு 50 அரைப்படம். அதுக்கேத்த மாதிரி செஞ்ச கேம் பெட்டியும் 50 தடவைதான் படம் போடும். அந்தக் காலத்து கேம் நேரத்தைப் பார்க்காது, படத்தை எண்ணும். 'ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு புள்ளி நகர்'னு எழுதியிருப்பாங்க. 60-க்கு எழுதின கேமை 50-ல ஓட்டினா, ஆறுல ஒரு பங்கு வேகம் போயிடும். முதல் சோனிக் கேம் ஐரோப்பாவுல பாட்டு உட்பட மந்தமா ஓடினதுக்கு இதுதான் காரணம். அங்க ஒரு தலைமுறையே அதுதான் சோனிக்கோட வேகம்னு நினைச்சு வளர்ந்தது.

கேட்காத டிவி

எல்சிடி டிவி வந்ததும் ஆட்டம் மாறிப்போச்சு. அதுக்குச் சொந்தக் கடிகாரம் உண்டு. 60-ன்னா 60. போன் திரையும் அப்படியே. உள்ளே வர்ற கேம் 60.0988-ல ஓடினா என்ன ஆகும்? நொடிக்கு 0.0988 படம் மிச்சம். கணக்குப் போட்டா, பத்து நொடிக்கு ஒரு படத்தைத் தூக்கிப் போடணும். அந்த ஒரு படம் காணாமப் போறதுதான் நாம பார்த்த உதறல். டிவி 59.94-ல ஓடினா, ஆறு நொடிக்கு ஒருமுறை. போக்கிமான் ஆடுற கேம் பாய் அட்வான்ஸோட வேகமும் 59.7275-தான். அங்க படம் பத்தாது, அதனால மூணேமுக்கால் நொடிக்கு ஒருமுறை ஒரே படம் ரெண்டு தடவை வரும். மோர்டல் காம்பேட்டுக்கு நொடிக்கு அஞ்சு தடவைக்கு மேல.

ஆண்ட்ராய்டு இந்தச் சிக்கலை இன்னும் ஒரு சுத்து சுத்துச்சு. 2012-ல ஆண்ட்ராய்டு 4.1 வந்தப்போ, கூகுள் 'பட்டர்'னு ஒரு வேலையைச் சேர்த்தது. போன் வெண்ணெய் மாதிரி வழுக்கணும்னு. திரையோட ஒவ்வொரு துடிப்புக்கும் எல்லா ஆப்பும் வரிசையில வந்து படத்தைக் கொடுக்கணும்னு ஒழுங்கு பண்ணினாங்க. ஆப்புக்கு நல்லது. ஆனா எமுலேட்டருக்குள்ள இன்னொரு கடிகாரம் ஓடிட்டிருக்கே, அது இந்த வரிசைக்குச் சரியா வராது.

அப்புறம் 90 ஹெர்ட்ஸ் போன்கள் வந்தது. விளம்பரத்துல பெரிய எண். ஆனா 60 படத்தை 90-ல பிரிச்சா ஒவ்வொன்னுக்கும் ஒன்றரை துடிப்பு. அரைத் துடிப்புன்னு ஒன்னு கிடையாது. அதனால ஒரு படம் ஒரு துடிப்பு நிக்கும், அடுத்த படம் ரெண்டு துடிப்பு நிக்கும். 11 மில்லி நொடி, 22 மில்லி நொடி, 11, 22. நொண்டி நடை. 120 ஹெர்ட்ஸ்ல பிரச்சினை இல்ல, ஒவ்வொரு படத்துக்கும் சரியா ரெண்டு துடிப்பு.

எல்லாத்துக்கும் மேல வயர் இல்லாம போன் திரையை டிவிக்கு அனுப்புறது. போன் தன் திரையைப் படம் பிடிக்கும், சுருக்கும், வைஃபையில அனுப்பும், டிவி அதை விரிச்சுக் காட்டும். வைஃபை எப்பவும் ஒரே சீரா இருக்காது. போன் கடிகாரமும் டிவி கடிகாரமும் ஒன்னையொன்னு பார்த்ததே இல்ல. சினிமா பார்க்க இது போதும், முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வெச்சுக்கலாம். கேம்ல சேர்த்து வெக்க முடியாது, ஏன்னா அடுத்த படம் நீங்க பட்டனை அமுக்கினாத்தான் பிறக்கும்.

காதை ஏமாத்தின தீர்வு

சரி, கேமை 60.0988-லேருந்து 60-க்கு இழுத்துட்டா போச்சு இல்லையா? படம் சரியாயிடும். ஆனா சவுண்ட் அழும். சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 மாதிரி கேட்கும். மெதுவாக்கின கேம் அதுக்குக் கொஞ்சம் குறைவாத்தான் கொடுக்கும். பத்தாத இடத்துல 'டக்'குன்னு ஒரு சத்தம். ரொம்ப நாளா எமுலேட்டர் எழுதறவங்களுக்கு இதுதான் தலைவலி. படத்தைக் காப்பாத்தினா சத்தம் உடையும், சத்தத்தைக் காப்பாத்தினா படம் திக்கும்.

ரெட்ரோஆர்ச்சை உருவாக்கின ஹான்ஸ்-கிறிஸ்டியன் ஆர்ன்ட்சன் 2012-ல இதுக்கு ஒரு வழியை எழுதி வெச்சார். படம் திரையோட துடிப்புக்கே அடங்கட்டும். சத்தத்தை ரப்பர் மாதிரி கொஞ்சம் இழுத்துக்கலாம். சவுண்ட் தொட்டி காலியாகுதா, நிரம்புதான்னு பார்த்துக்கிட்டே சுருதியை மயிரிழை ஏத்தி இறக்குறது. என்இஎஸ் கணக்குல மாற்றம் 0.16 சதவீதம். ஒரு சுரத்துக்கும் பக்கத்து அரைச்சுரத்துக்கும் உள்ள தூரத்தை நூறாப் பிரிச்சா அதுல சுமார் மூணு பங்கு. எவ்வளவு தேர்ந்த காதா இருந்தாலும் அதைப் பிடிக்கிறது கஷ்டம். கண்ணு ஒரு படம் தொலைஞ்சாக் கண்டுபிடிச்சுடும், காது இந்தச் சின்ன நகர்வை மன்னிச்சுடும். அந்த வித்தியாசத்துலதான் இந்தத் தீர்வு நிக்குது.

அப்போ என்ன பண்ணலாம்?

வரலாறு புரிஞ்சா வழி தானா தெரியும். கேள்வி ஒன்னுதான்: தாளம் போடறவர் யாரு? ஒரே ஆள் போடணும்.

முதல்ல, எமுலேட்டர்ல படங்களோட எண்ணிக்கையைத் திரையில காட்டச் சொல்லுங்க. உதறும்போது எண் 60-லேருந்து 45, 40-ன்னு விழுந்தா, அது நிஜமாவே பவர் பிரச்சினை. பிளேஸ்டேஷன் 2 மாதிரி கனமான கேம்ல, போன் சூடாகும்போது இது நடக்கும். எண் 60-லயே நிக்குது, ஆனா கண்ணுக்கு உதறுதுன்னா, அது கடிகாரச் சண்டை. புதுப் போன் வாங்காதீங்க.

ரெண்டாவது, வயர் இல்லாம அனுப்புறதை விடுங்க. யுஎஸ்பி சி வழியா வீடியோ வெளியே கொடுக்கிற போன்னா கேபிள் போடுங்க. விலை குறைஞ்ச போன்கள் பலதுல அந்த வசதி இருக்காது, வாங்குறதுக்கு முன்னாடி பாருங்க. இல்லைன்னா எமுலேட்டரை ஆண்ட்ராய்டு டிவியிலயோ பெட்டியிலயோ நேரடியாப் போடுங்க. நடுவுல ஒரு கடிகாரம் குறையும்.

மூணாவது, போன் திரையை 90-லேருந்து 60-க்கு மாத்துங்க, இல்லை 120. பெட்டியா இருந்தா டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து வெளியீடு 50 ஹெர்ட்ஸ்ல நிக்குதான்னு பாருங்க. நம்ம ஊரோட 50 இன்னும் அங்கங்க ஒளிஞ்சிருக்கு. 60 படத்தை 50-ல அடைச்சா நொடிக்குப் பத்து படம் போயிடும்.

நாலாவது, ரெட்ரோஆர்ச்ல வி-சின்க்கும் சவுண்ட் வேகக் கட்டுப்பாடும் ஆன்ல இருக்கட்டும். வீடியோ செட்டிங்ஸ்ல திரையோட உண்மையான வேகத்தை அதுவே அளந்து காட்டும். ரெண்டு நிமிஷம் விட்டு, அந்த எண்ணை எடுத்துக்கச் சொல்லுங்க. டிவியில கேம் மோடு போட்டு, அசைவை வழவழப்பாக்குற வசதியை நிறுத்துங்க. அது இல்லாத படத்தைக் கற்பனை பண்ணி நடுவுல சொருகும்.

இவ்வளவுக்கும் மோர்டல் காம்பேட் அடங்காது. 54.7-ஐ 60-க்கு இழுத்தா கேமே பத்து சதவீதம் வேகமாயிடும். ரெட்ரோஆர்ச் அஞ்சு சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா இழுக்கவே இழுக்காது. அதுக்குச் சரியான மருந்து, வேகத்தை மாத்திக்கிற திரை. 2013-ல என்விடியா ஜி-சின்க்னு கம்ப்யூட்டர் மானிட்டருக்குக் கொண்டுவந்தது. 2017-ல எச்டிஎம்ஐ 2.1 தரத்துல அந்த யோசனை டிவிக்கும் வந்தது. படம் எப்போ தயாரோ அப்போதான் திரை துடிக்கும். கடையில இதைப் புதுமைன்னு விலை சொல்லி விற்பாங்க. நீங்க இப்போ கதை தெரிஞ்சவங்க. வர்ற தாளத்தைக் கேட்டு ஆடுறதை நம்ம பழைய குண்டு டிவி எப்பவோ செஞ்சிட்டிருந்தது.

இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்கலாம். பழைய கேம்ல கதை ஃபைல்ல இருக்கு, படம் ஃபைல்ல இருக்கு, ஆனா வேகம் ஃபைல்ல முழுசா இல்ல. பாதி வேகம் அந்தப் பெட்டியிலயும் டிவியிலயும் இருந்தது. அந்த டிவிகள் எல்லாம் பழைய இரும்புக்கடைக்குப் போயாச்சு. கேமைக் காப்பாத்தணும்னா அது ஓடின தாளத்தையும் சேர்த்துத்தான் காப்பாத்தணும். இன்னிக்கு ராத்திரி மாரியோவைப் போட்டு, ஒரு நீளமான தரையில ஓட விட்டு, மேகத்தை மட்டும் பாருங்க. ஒரு நிமிஷம் உதறாம நகர்ந்துச்சுன்னா, அந்தத் தாளம் உங்க வீட்டுல பத்திரமா இருக்கு. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.