பறந்தா 6 நிமிஷம்... பஸ்சில் 2 மணி நேரம்! கொல்லிமலை 70 வளைவு பாதை முழு விவரம்

நாமக்கல்:

லண்டனில் இருந்து பாரீசுக்கு வான்வழி தூரம் சுமார் 340 கி.மீ. விமானம் ஏறினால் ஒன்றே கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நாமக்கல்லில் இருந்து கொல்லிமலை செம்மேட்டுக்கு வான்வழியாக அளந்தால் சுமார் 20 கி.மீ. தான். ஆனால் பஸ்சில் போய்ச் சேர குறைந்தது 2 மணி நேரம் ஆகும்.

மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஹெலிகாப்டருக்கு இது வெறும் 6 நிமிஷ தூரம். ரோட்டில் போனால் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாக சுமார் 50 கி.மீ. சுற்ற வேண்டும்.

ஏன் இத்தனை வளைவு?

கொல்லிமலையின் மேல்பகுதி கடல் மட்டத்தில் இருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செங்குத்தான மலை என்பதால் நேராக ரோடு போட்டால் எந்த வண்டியும் ஏறாது. அதனால்தான் வளைச்சு வளைச்சு 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் பாதை போட்டிருக்கிறார்கள். அடிவாரம் காரவள்ளியைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பம். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போர்டு உண்டு. ராசிபுரம் பக்கம் இருந்து வருபவர்கள் முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஏறலாம். அங்கே வளைவுகள் குறைவு.

நோயாளிகளுக்கு நேரமே உயிர்

சுற்றுலா வருபவர்களுக்கு இந்த 2 மணி நேரம் ஜாலி. மலைவாழ் மக்களுக்கு அப்படி இல்லை. 2022-ல் நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் பெரிய சிகிச்சை என்றால் இதே 70 வளைவையும் இறங்கித்தான் வரணும். எனவே பிரசவ வலி, பாம்புக்கடி, நெஞ்சு வலி என்றால் "கொஞ்சம் பார்ப்போம்" என்று காத்திருக்காமல் உடனே 108-க்கு போன் செய்வதே நல்லது. கிராமத்தில் இருந்து மெயின் ரோட்டுக்கு வரும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிரைவர்கள் கவனத்துக்கு

* மலை ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். இது சாலை விதி.

* இறங்கும்போது நியூட்ரலில் விடக்கூடாது. ஏறின அதே கியரில் இறங்கினால் பிரேக் சூடாகாது.

* வளைவில் ஹாரன் அடிக்கணும், ஓவர்டேக் கூடாது.

* வாந்தி வருபவர்கள் வயிறு முட்ட சாப்பிடாமல், முன் சீட்டில் உட்காரலாம்.

அறப்பளீஸ்வரர் கோவில், ஆகாய கங்கை அருவிக்குப் போகிறவர்கள் செம்மேட்டில் இருந்து இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும். அருவிக்கு 1,000-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறணும். ஒரே நாளில் திரும்ப நினைப்பவர்கள் காலையிலேயே கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் அடிவாரம் வந்து சேரலாம்.