பிளிஸ் குறியீடுகள் முதல் பேசும் செயலிகள் வரை: உரிமை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மூளை முடக்குவாதம் முதலிய காரணங்களாற் பேச இயலாத சிறுவர், பிறர் பேசுவதை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் உடையராயிருந்தும், நெடுங்காலமாக அறிவுக் குறைவுடையோர் என்றே கொள்ளப்பட்டனர். இன்று அத்தகைய பிள்ளையொன்று டப்லெட் கணினியின் திரையிலுள்ள படத்தைத் தொட, அக்கருவி அதற்குரிய சொல்லை ஒலிக்கின்றது. இவ்வளர்ச்சியைப் பொறியியலின் வெற்றியாக எழுதுவோர் பலர். ஆயின் இதனூடே தொடர்ந்துவரும் பிறிதொரு வினாவே வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியது. பிள்ளை பேசுதற்குப் பயன்படும் குறியீடு யாருடைய உடைமை? அதனை ஆக்கியவருடையதா, அதைக்கொண்டு பேசும் பிள்ளையினுடையதா?

இவ்வினா எழுந்த வகையை அறியச் சார்ள்ஸ் பிளிஸ் என்பாரின் வாழ்வை நோக்குதல் வேண்டும். கார்ல் பிளிற்ஸ் என்னும் இயற்பெயருடைய இவர் 1897இல், ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் சேர்நோவிற்ஸ் நகரில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். பல்லினத்தாரும் பல மொழி பேசிப் பகைத்து வாழ்ந்த நகரமென அதனை அவர் பின்னாளில் நினைவுகூர்வதுண்டு. இரசாயனத் துறையிற் பயின்ற அவரை 1938இல் நாசிகள் டாகாவ், புக்கன்வால்ட் முகாம்களில் அடைத்தனர். மனைவி கிளேயரின் இடையறா முயற்சியால் விடுதலை பெற்று இங்கிலாந்து சேர்ந்து, பின் ஷங்காய் நகரில் மனைவியுடன் ஒன்றுகூடினார். அங்கே சீன எழுத்துக்களைக் கற்றபோது, கடைப் பலகைகளைத் தாம் சீன மொழியிலன்றித் தம்முடைய மொழியிலேயே வாசிப்பதை அவர் உணர்ந்தார். ஒலியைச் சாராது பொருளையே உணர்த்தும் எழுத்தொன்று அமையுமாயின், சொற்களாற் பகை மூட்டும் தலைவர்களின் வல்லமை குன்றும் என்பது அவர் கண்ட முடிபு. 1946இல் அவுஸ்திரேலியா சென்று, 1949இல் ‘செமான்ரோகிரபி’ என்னும் நூலாக அதனை வெளியிட்டார். அம்முறையில் இதய வடிவம் உணர்ச்சியைக் குறிக்கும். அதனுடன் மேல்நோக்கிய அம்பு சேர மகிழ்ச்சியாகும், கீழ்நோக்கிய அம்பு சேரத் துயரமாகும். கணவனும் மனைவியும் அறிஞர் உலகுக்கு ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினர். பொருட்படுத்தினார் எவருமிலர்.

1971இல் கனடாவின் ரொறன்ரோவிலிருந்த ஊனமுற்ற சிறுவர் நிலையமொன்றில் ஷெர்லி மக்நோட்டன் என்னும் ஆசிரியை தம் குழுவினருடன் இக்குறியீடுகளைக் கண்டெடுத்தார். பேச இயலாத சிறுவர் அதுவரை பலகையிலிருந்த படங்களையே சுட்டிவந்தனர். குவளையையும் கட்டிலையும் படம் காட்டும். அச்சத்தையும் ‘ஏன்’ என்னும் வினாவையும் அது எவ்வாறு காட்டும்? பிளிஸின் குறியீடுகளோ ஒன்றோடொன்று கூடிப் புதுப்பொருள் தருவன. சிறுவர் தாமே குறியீடுகளைச் சேர்த்து எவரும் கற்பியாத கருத்துக்களை வெளியிடலாயினர். இதனையறிந்து 1972இல் ரொறன்ரோ வந்த பிளிஸ் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஆசிரியர்கள் குறியீடுகளின் வடிவை மாற்றினர், புதியனவும் சேர்த்தனர். இவற்றினும் பெரிய முரண் நோக்கத்திலேயே இருந்தது. ஆசிரியர்க்கு இக்குறியீடுகள் பிள்ளையை ஆங்கில எழுத்தறிவிடம் கொண்டுசேர்க்கும் பாலம். பிளிஸுக்கோ, எந்த மொழியின் வஞ்சகத்தினின்றும் உலகை மீட்க முனைந்தாரோ, அம்மொழிக்கே தம் படைப்பு ஏவல் செய்வதாகத் தோன்றிற்று. அவர் கண்டனக் கடிதங்கள் எழுதினார், வழக்குக்கும் சென்றார். அவரைப் பிடிவாதக்காரர் என எள்ளுவது எளிது. பேச்சு வன்மையால் ஒரு நாடே வெறிகொண்டதைக் கண்டு, வதைமுகாமையும் கடந்து வந்தவரின் சொல்லச்சத்தை அறியாதார் கூற்று அது. எனினும் ஆசிரியர் பக்கமே நியாயம் மிகுதி என்பது எமது கருத்து. ரொறன்ரோச் சிறுவர் தம் தாய் தந்தையருடன் பேசவே விரும்பினர். அப்பெற்றோர் பேசியதோ ஆங்கிலம். நீண்ட பிணக்கின் முடிவில், பேச இயலாதோர் பொருட்டு அக்குறியீடுகளைப் பயன்படுத்தும் உரிமை 1982இல் உடன்பாட்டின்படி கனேடிய நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. பிளிஸ் 1985இல் மறைந்தார்.

அதே 1982இல் அமெரிக்கரான புரூஸ் பேக்கர் ‘மின்ஸ்பீக்’ என்னும் முறையை அறிமுகஞ் செய்தார். ஒரே படம் பல பொருள் தரும் என்பது அதன் அடிப்படை. அப்பிள் பழத்தின் படம் வேறு படங்களுடன் சேர்ந்து உண்ணுதலையும் பசியையும் குறிக்கலாம். பிரென்கி ரொமிச் நிறுவனம் இம்முறையைத் தன் பேசும் கருவிகளில் அமைத்தது. அத்தகைய கருவிகளின் விலையோ பல ஆயிரம் டொலர். 2009இல் ‘புரொலொகுவோ ரு கோ’ என்னும் செயலி அவற்றினும் மிகக் குறைந்த விலைக்கு வெளிவந்து, 2010இல் ஐபாட் கணினியும் வந்தபின், நிலைமை முற்றாக மாறிற்று. கடையில் எவரும் வாங்கக்கூடிய பொருளே பிள்ளையின் குரலாயிற்று.

உரிமைப் பிணக்கு இங்கும் தொடர்ந்தது. பேச்சுச் சிகிச்சையாளர் இருவர் ஆக்கிய ‘ஸ்பீக் ஃபோர் யுவர்செல்ஃப்’ என்னும் செயலி தம் காப்புரிமைகளை மீறுகின்றதென மின்ஸ்பீக் உரிமையாளரும் பிரென்கி ரொமிச் நிறுவனமும் 2012இல் வழக்கிட்டனர். வழக்கு முடியுமுன்னரே, அவ்வாண்டு ஜூன் மாதம் அப்பிள் நிறுவனம் அச்செயலியைத் தன் விற்பனையினின்று நீக்கிற்று. முன்னரே வாங்கியோரின் கருவிகளில் அது அழியவில்லை. எனினும் புதுப்பித்தலுக்கு வழியில்லாமையால், எந்நாளிலும் செயலற்றுப் போகலாமெனப் பெற்றோர் அஞ்சினர். பின்னர் இருசாராரும் இணங்கச் செயலி மீண்டது. 1982இன் உடன்பாட்டிலும் சரி, 2012இன் வழக்கிலும் சரி, குறியீட்டாற் பேசிய பிள்ளை ஒரு தரப்பாக இடம்பெறவேயில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

தமிழ் வழங்கும் நிலத்திலும் இத்துறை கால்கொண்டுள்ளது. சென்னையில் அஜித் நாராயணன் ‘வித்யா சாகர்’ நிலையத்தாருடன் இணைந்து முயன்றதன் பயனாக ‘ஆவாஸ்’ முதலிற் தனிக்கருவியாகவும் பின் செயலியாகவும் உருப்பெற்றது. தமிழைப் பொறுத்தவரை சிக்கல் வழக்குமன்றத்தைச் சார்ந்ததன்று, இலக்கணத்தைச் சார்ந்தது. சொல்லுக்கொரு பொத்தானாக நிரலே அடுக்கும் முறை ஆங்கில வாக்கியத்துக்கு இசைந்தது. தமிழோ வேற்றுமையுருபுகளையும் விகுதிகளையும் சொல்லினுள்ளே அடக்குவது. ‘நான்’ என்னும் பொத்தான் மட்டும் அமைந்து ‘எனக்கு’ என்பதற்கு இடமில்லாத திரையில், தனக்குப் பசிப்பதைச் சொல்ல விரும்பும் பிள்ளை ‘நான் பசி’ என்றே கூற நேரும்.